இரண்டு சாம்பல்

திருவொற்றியூரில் துணி காயப்போடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாளியைக் கீழே வைத்ததும் முதலில் ஈரத் துணியால் கொடியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்துத் துடைப்போம். துடைத்த துணி கறுத்தால் இன்னொரு தடவை. அப்புறம்தான் வெள்ளைச் சட்டை ஏறும். பல் தேய்ப்பதைப் பற்றி யாராவது பேசுவார்களா? அதுபோல இதைப் பற்றியும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. சாம்பல் என்றால் எங்களுக்குத் தெரிந்தது இதுதான்: அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியில் ஏறி, லாரியில் இறங்கி, காற்றில் வந்து, கொடியில் உட்காருவது. பாத்திரம் தேய்க்கிற சாம்பல், நெற்றியில் பூசுகிற சாம்பல் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அந்த ஒரு சொல்லால் என் அண்ணியின் நிலம் கையை விட்டுப் போக இருந்தது. அந்தக் கதையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முதலில் கோபம் வருகிறது, பிறகு சிரிப்பு வருகிறது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ட்ரோன் பறக்கவிடுவது என் வேலை. முதலில் செங்குன்றம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கும்போது நேர் மேலே நிறுத்தி, அவர் வழுக்கையை அழகாகப் படம் பிடித்து, பெண் வீட்டாரிடம் பாராட்டும் மாப்பிள்ளையிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன். பிறகு பயிர்களைப் படம் பிடிக்கிற ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. இந்தக் கேமரா வேறு மாதிரி. நல்ல இலை, நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். நோய் வந்த இலை குறைவாக அனுப்பும். நம் கண்ணுக்கு இரண்டும் பச்சையாகத் தெரிகிற நாளிலேயே கேமராவுக்கு வித்தியாசம் தெரிந்துவிடும். கம்ப்யூட்டரில் ஏற்றினால் நல்ல செடி பச்சையாகவும், சோர்ந்தது மஞ்சளாகவும், மோசமானது சிவப்பாகவும் ஒரு வரைபடம் வரும். எங்கள் அண்ணன் என் ட்ரோனுக்கு வைத்த பெயர் கொசு. வீட்டில் எல்லாரும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், என் சொந்த ஊரின் மேல் நான் அதைப் பறக்கவிட முடியாது. துறைமுகம், தொழிற்சாலைகள், எண்ணெய்க் கிடங்குகள் எல்லாம் இருப்பதால் அனுமதி பார்க்கிற செயலியில் எங்கள் வட்டாரமே சிவப்பு. நான் படித்த பள்ளிக்கூடம் சிவப்பு. எங்கள் வீட்டு மொட்டை மாடி சிவப்பு. கொசஸ்தலை ஆற்றைத் தாண்டி இன்னும் கொஞ்சம் வடக்கே போனால்தான் அந்தக் கோடு முடியும். அண்ணியின் நிலம் அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்தது.

அண்ணி என்றாலும் அவளுக்கு என் வயதுதான். அதனால் எங்களுக்குள் வா, போதான். அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிறந்தவள். அண்ணனைக் கட்டிக்கொண்டு திருவொற்றியூருக்கு வந்த பிறகும் தன் அப்பா எடுத்திருந்த குத்தகை நிலத்தை விடவில்லை. காலையில் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறிப் போவாள், மாலையில் கூடையோடு திரும்புவாள். மறுநாள் அந்தக் காயைத் தேரடிப் பக்கம் தெருவில் கடை போட்டு விற்றுவிட்டு மறுபடி ரயில். அவள் போடுவது வெண்டை. வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து, பிஞ்சுதான் என்று தெரிந்தும் கூடையிலேயே போட்டுவிட்டுப் போகிறவர்களோடு அவள் போடுகிற சண்டை தெருவுக்கே தெரியும். "ஒடிச்சல்ல? ஒடிச்சா வாங்கிக்கணும்!" என்று ஒரு சத்தம் கேட்டால் அண்ணி வியாபாரத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம்.

நிலத்துக்காரர் ராயபுரத்தில் மொத்த வியாபாரம் செய்கிற தெற்கத்திக்காரர். அண்ணாச்சி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். கெட்டவர் இல்லை. அவர் நிலத்தைச் சுற்றியிருந்த நிலமெல்லாம் ஒவ்வொன்றாக கன்டெய்னர் யார்டு ஆகிவிட்டது. மண்ணை அமுக்கி, ஜல்லி கொட்டி, பெட்டி மேல் பெட்டியாக அடுக்கிவிட்டார்கள். நடுவில் அண்ணியின் வெண்டை மட்டும் நின்றுகொண்டிருந்தது. முந்தின போகம் அந்த வெண்டையும் போய்விட்டது. இலை வெளுத்து, மஞ்சளாகி, கொட்டி, காய் சூம்பி, பறிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து சொன்னார்: "ஏம்மா, இந்தத் தடவையும் போட்டுப் பாரு. வெளஞ்சா சந்தோசம். இதுவும் போச்சுன்னா நான் யார்டுக்காரனுக்குக் கொடுத்துருதேன். என்னைத் தப்பா நினைக்கப்படாது."

அண்ணன் துறைமுகத்தில் ட்ரெய்லர் ஓட்டுகிறவன். "யார்டு வந்தா எனக்கு வண்டி நிறுத்த எடமாச்சும் கெடைக்கும்" என்று அவன் விளையாட்டாகச் சொல்லப்போக, அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு அவனே போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

முந்தின போகம் வெண்டை போனதற்குக் காரணம் சாம்பல் என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகமே இல்லை. நிலத்தை ஒட்டிய சாலையில்தான் சாம்பல் லாரிகள் போகும், பாதி லாரிகளில் தார்ப்பாய் கிடையாது. அண்ணி அந்தப் போகம் முழுக்கக் குடத்தில் தண்ணீர் மொண்டு மொண்டு இலைகளைக் கழுவினாள். ஊர்க்காரர்களோடு குறைதீர் கூட்டத்துக்குப் போனாள். நானும் போனேன். "தோட்டக்கலை ஆபீசரே சொல்லிட்டாரு, சாம்பலும் கந்தகமும்தான் காரணம்னு" என்று அண்ணி மைக்கைப் பிடித்துச் சொன்னபோது கூட்டமே கைதட்டியது. லாரி ஒப்பந்தக்காரர் தரப்பில் வந்திருந்தவர் எழுந்து, "அது ஏதாவது பயிர் நோயா இருக்கும்மா, எங்க சாம்பல் இல்ல" என்றார். நாங்கள் கத்திய கத்தலில் அவர் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து நோய் என்பது எதிராளியின் சொல்லாகிவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் யார் வாயிலும் அது வராது.

இந்த வருஷம் தை மாதம், பனி விழுகிற நாளில் அண்ணி போன் செய்தாள். "பாப்பா, மறுபடியும் வெளுக்குது. ஓரத்துல ஆரம்பிச்சிட்ச்சி. உன் கொசுவ எடுத்துக்கினு வரியா? படம் புடிச்சு அந்தக் கூட்டத்துல மூஞ்சில காட்டணும்." குரல் கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் என்னிடம் எதையும் கேட்கிற ஆள் இல்லை. மேலாளரிடம் சொல்லி ஞாயிற்றுக்கிழமைக்குக் கேமராவை வாங்கிக்கொண்டேன். விழுந்து உடைந்தால் நீதான் பொறுப்பு என்று சொல்லித்தான் கொடுத்தார்.

ஒரு சுற்று பறக்கவிட்டு, முருங்கை நிழலில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஏற்றினேன். அண்ணி தோளில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். சாலையோரம் நெடுக ஒரு சிவப்புப் பட்டை. "தொ பாரு, தொ பாரு, நான் சொல்லல?" என்று திரையைக் குத்தினாள். ஆனால் அதோடு முடியவில்லை. நிலத்துக்கு நடுவில், சாலையிலிருந்து நல்ல தூரத்தில், நான்கைந்து பாய் விரிக்கிற அளவுக்கு இன்னொரு சிவப்பு. சுற்றி மஞ்சள்.

"அது இன்னாது?" என்றாள்.

"அதைத்தான் நானும் பாக்கறேன்."

"உன் கொசு பொய் சொல்லுது. அங்க செடி நல்லாத்தான் கீது."

நடந்து போய்ப் பார்த்தோம். அவள் சொன்னது சரிதான், மேலாகப் பார்த்தால் பச்சைதான். குனிந்து அடியிலைகளைப் புரட்டியபோது மாவு தெளித்தாற்போல் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. "இதுவும் சாம்பல்தான்" என்றாள் அண்ணி. சாலையோரம் அடர்த்தியாக விழுந்து, உள்ளே வர வர குறைகிற சாம்பல், இடையில் இருக்கிற செடிகளை எல்லாம் விட்டுவிட்டு நடுவில் மட்டும் எப்படி விழும் என்று கேட்டேன். "காத்து இன்னா கோடு கிழிச்சிக்கினா வரும்?" என்றாள். சரி, ஆபீசரையே கேள் என்றேன்.

தோட்டக்கலை அதிகாரிக்குப் போட்டோ அனுப்பிவிட்டு, சற்றுப் பொறுத்து அண்ணி ஸ்பீக்கரில் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமையிலும் எடுத்தார், நல்ல மனுஷன்.

"பாத்தேன்மா. சாம்பல்தான், சந்தேகமே இல்ல. போன வருஷமும் இதானே வந்துச்சு? காத்துலதான் பரவுது. அலட்சியமா இருக்காதீங்க, பக்கத்து நிலத்துக்கும் போயிடும். கந்தகம்..." அதற்குள் ஒரு ட்ரெய்லர் ஏர் ஹாரனை அழுத்திக்கொண்டு போனது. "...சாயங்காலம்... சரியாம்மா?" லைன் போய்விட்டது.

"கேட்டியா?" என்றாள் அண்ணி. "சாம்பலு, கந்தகம். போன வருசமும் இத்தத்தான் சொன்னாரு. சாயங்காலமானா அவனுங்க ஜாஸ்தியா விடறானுங்க, அத்தயும் சொல்றாரு பாரு."

எனக்கும் காதில் அப்படித்தான் விழுந்தது. எங்கள் அலுவலகத்து அறிக்கைகளில் நோய்களுக்கெல்லாம் ஆங்கிலப் பெயர்தான். சாம்பல் என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கொடிக்கயிறுதான் ஞாபகம் வரும், கந்தகம் என்று சொன்னால் காற்று திரும்புகிற நாளில் மூக்கில் ஏறுகிற நெடிதான் ஞாபகம் வரும். எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் அப்படித்தான். ஆனால் அந்த நடுச் சிவப்பு என்னை விடவில்லை. படத்தை மூடினாலும் கண்ணுக்குள் இருந்தது.

"அண்ணி, ஒருவேளை இது நோயா இருந்தா?" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "அந்த வார்த்தைய என் நெலத்துல நின்னுகினு சொல்லாத. கூட்டத்துல அந்தாளு இன்னா சொன்னான்? நோயின்னான். இப்ப நீ மெசினத் தூக்கிக்கினு வந்து அதையே சொல்ற. அப்ப நாங்க கத்துனதெல்லாம் பொய்யா? ஊரு பூரா இருமிக்கினு கீறது பொய்யா? நாளைக்கு இந்தப் படத்த அவனுங்க கையில குடுத்தா இன்னா சொல்வானுங்க? அவங்க வூட்டுப் பொண்ணே சொல்லிட்ச்சி, சாம்பல் இல்லன்னு!"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. எனக்கு எரிச்சல் வந்தால் வாய் சும்மா இருக்காது. "உனக்கு நெலம் வேணுமா, கூட்டத்துல ஜெயிக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன். "ரெண்டும் வேணும்" என்றாள், கண்ணை இமைக்காமல். அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதற்குமேல் எனக்குச் சண்டை போட மனம் வரவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து கொடியில் கிடந்த துணியை எடுத்தபோதுதான் தோன்றியது. கொடியைத் துடைத்தால் சாம்பல் போய்விடுகிறது. துடைத்தும் போகாமல் இருந்தால் அதைச் சாம்பல் என்று சொல்வோமா? கம்பிக் கொடி என்றால் துரு என்று சொல்வோம், கயிறு என்றால் இற்றுவிட்டது என்று சொல்வோம். அண்ணியைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "நெலம் மொத்தத்தையும் கயுவலாம். கயுவிட்டு மறுபடி படம் எடுக்கலாம். போனா சாம்பல். போகலைன்னா வேற என்னமோ. அப்போ நான் சொல்றத நீ கேக்கணும்." அவள் யோசித்தாள். "போய்ட்ச்சின்னா நான் சொல்றத நீ கேக்கணும்" என்றாள். ஒப்பந்தம் ஆயிற்று.

அடுத்த ஞாயிறு விடிகிற நேரத்துக்கு மூன்று பேரும் நிலத்தில் இருந்தோம். ஞாயிறு என்றால் லாரி குறைவு. கிணற்று மோட்டாரில் குழாயை மாட்டி அண்ணன் பிடித்துக்கொண்டான், நாங்கள் இரண்டு பேரும் முதுகில் தெளிப்பான் மாட்டிக்கொண்டு செடி வரிசைகளுக்கு நடுவே சால் சாலாகப் போனோம். சாலையோரத்து இலைகளிலிருந்து சாம்பல் கரைந்து கறுப்புத் தண்ணீராக ஓடியது. நடுத் திட்டில் மட்டும் தண்ணீர் பட்டும் வெள்ளை அங்கங்கே அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. "செடிக்குத் தலைக்குக் குளிக்க வெக்கிற குடும்பம் ஊர்லயே நம்ம குடும்பம்தாண்டி" என்று அண்ணன் கத்தினான். அண்ணி சிரிக்கவில்லை. அவள் பார்வை முழுக்க அந்தத் திட்டிலேயே இருந்தது.

இலை காய்ந்து, வெயில் போன வாரத்து உயரத்துக்கு வரும் வரை காத்திருந்து பறக்கவிட்டேன். லேப்டாப்பில் ஏற்றிப் பார்த்தோம்.

சாலையோரப் பட்டை பச்சையாக இருந்தது. அத்தனையும் பச்சை. நடுவில் இருந்த சிவப்பு அப்படியே இருந்தது. அப்படியே என்றுகூடச் சொல்ல முடியாது, வளர்ந்திருந்தது. போன வாரம் மஞ்சளாக இருந்த இடமெல்லாம் சிவப்பு, அதைத் தாண்டிப் புதிதாக மஞ்சள்.

அண்ணி எழுந்து போனாள். திட்டின் நடுவே நின்று ஓர் இலையைப் பறித்து, வெள்ளையாக இருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். கொஞ்சம் வந்தது. அதன் கீழே இலை மஞ்சளாக இருந்தது. இன்னொரு இலையைப் பறித்தாள், தேய்த்தாள். பிறகு போனை எடுத்து அதிகாரியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். சாம்பல் சாம்பல்னு சொல்றீங்களே, அது எந்தச் சாம்பலு? லாரி சாம்பலா?"

"லாரியா? நான் சாம்பல் நோயைச் சொன்னேன்மா. பூஞ்சாணம். இலை மேல சாம்பல் தூவின மாதிரி இருக்கும், அதனால அந்தப் பேரு."

"அப்ப கந்தகம்?"

"அது மருந்தும்மா! நனையும் கந்தகத் தூள்னு கடையில கேளுங்க. தண்ணியில கலந்து தெளிக்கணும். போன வருஷமே சொன்னேனே, நீங்க தெளிக்கவே இல்லையா?"

அண்ணன்தான் முதலில் சிரித்தான். எனக்கும் வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. அண்ணி எங்கள் இரண்டு பேரையும் முறைத்துவிட்டுப் போனிடம் சொன்னாள்: "ஊரு பூரா காத்துல சொம்மா கந்தகம் கீது சார். இத்தப் போயி கடையில வாங்கி வேற அடிக்கணுமா?"

அதிகாரி சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இருமினார். நான் போனை வாங்கி வரைபடத்தைப் பற்றிச் சொன்னேன். நோய் இன்னும் ஒரு திட்டில்தான் இருக்கிறது, மற்ற இடம் சுத்தம் என்றதும் அவர் குரலே மாறிவிட்டது. "அப்போ ரொம்ப சீக்கிரமாப் புடிச்சிட்டீங்க. அந்தத் திட்டையும் சுத்தி நாலஞ்சு வரிசையும் அடிங்க போதும். வெயில் தணிஞ்ச பிறகு, இலையோட அடிப்பக்கமும் நனையணும்" என்றார். பிறகு மெதுவாக, "ஆத்துக்கு அந்தப் பக்கம் எல்லாருக்கும் நான் இப்படித்தாம்மா சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார். அவருக்கு இனிமேல் நிறையப் பேருக்குப் போன் செய்ய வேண்டியிருக்கும் என்று புரிந்தது.

போனை வைத்த பிறகு அண்ணி வரப்பில் உட்கார்ந்து அழுதாள். "ஒரு போகம் பூரா கயுவிக்கினே இருந்தேன் பாப்பா. அது கயுவுனா போற நோயே இல்ல. கொடம் கொடமா ஊத்திக்கினே இருந்தேன்." அவள் முதுகைத் தடவிக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன். அப்போது வந்த கோபம் எனக்கு அதிகாரி மேல் இல்லை, அவர் சரியாகத்தான் சொன்னார். அண்ணி மேலும் இல்லை, அவள் சரியாகத்தான் கேட்டாள். ஒரு சொல்லுக்கு வேறு பொருளே நினைவுக்கு வராத அளவுக்கு எங்கள் தலையில் கொட்டிக்கொண்டே இருக்கிறார்களே, அவர்கள் மேல்தான் கோபம்.

அன்று மாலையே மருந்து அடித்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் போனேன். வீட்டில் யாராவது விசேஷத்துக்குக் கூப்பிட்டால்கூட வரமுடியாது என்று சொல்லிவிட்டேன். முதலில் சிவப்பு வளர்வது நின்றது. அதற்கு அடுத்த வாரம் ஓரம் மஞ்சளானது. பழைய இலைகள் கொட்டி, புது இலை விட்டு, மஞ்சளுக்குள் பச்சை புகுந்தது. அதிகாரி சொன்ன இடைவெளியில் இன்னொரு தடவையும் அடித்தோம். அண்ணி இப்போதெல்லாம் நான் சொல்வதற்கு முன்பே திரையைப் படித்துவிடுவாள்.

ஒரு ஞாயிறு அவள்தான் கவனித்தாள். "நடுவுல சேப்பு போவுது. ஓரத்துல மறுபடியும் வந்து கீது பாரு. நாம கயுவுன அன்னிக்கி மட்டும்தான் அது பச்சை." பழைய படங்களையும் ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னாள். கழுவின வாரம் பச்சை, மற்ற எல்லா வாரமும் சிவப்பு. மருந்து அடித்தும் அசையவில்லை. "இத்தயெல்லாம் பெருசா பிரிண்டு போட்டுக் குடு" என்றாள்.

அடுத்த குறைதீர் கூட்டத்துக்குப் போகும்போது அண்ணன் அவளுக்குப் புத்தி சொன்னான். "இன்னாமே, அங்க போயி நோயின்னு சொல்லி வெக்காத. அதப் புடிச்சுக்குவானுங்க." ஊர்க்காரர்களும் அதையே சொன்னார்கள். எனக்கும் உள்ளூர பயம்தான். அண்ணி படங்களைச் சுருட்டிக் கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

அதே ஒப்பந்தக்காரர் ஆள் வந்திருந்தார். அண்ணி படங்களை மேஜை மேல் விரித்தாள்.

"சார், போன வருசம் நீங்க நோயின்னு சொன்னீங்க, நாங்க கத்தி உக்கார வெச்சோம். நீங்க சொன்னதுல பாதி மெய்தான்."

எனக்குப் பின்னால் யாரோ ஐயையோ என்றார்கள். அந்த ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தொ, நடுவுல கீது பாருங்க, இது நோயி. இது என்னுது. மருந்து அடிச்சேன், பூட்ச்சி. தொ, இந்தப் படத்துல இல்ல பாருங்க. இந்த ஓரத்துல கீறது மருந்துக்குப் போவல. தண்ணி ஊத்துனா போவுது, உங்க லாரி போனா வருது. இது உங்களுது. என்னுத நான் பாத்துக்கினேன். உங்களுத நீங்க எப்ப பாக்கப் போறீங்க?"

தலைமை தாங்கின அதிகாரி படங்களைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். ஒப்பந்தக்காரர் ஆள் அவற்றை வெகுநேரம் பார்த்தார், நோய் என்ற சொல் அவருக்கு இனிமேல் உதவாது. கடைசியில், எல்லா லாரிக்கும் தார்ப்பாய் போடச் சொல்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இப்போது பெரும்பாலான லாரிகளில் தார்ப்பாய் இருக்கிறது. சிலவற்றில் பேருக்குத் தொங்குகிறது. அண்ணி கண்ணில் பட்டால் அந்த லாரி நகராது.

காய் நன்றாகப் பிடித்து, பறிப்பு நடந்துகொண்டிருந்த ஒரு நாளில் அண்ணாச்சி வந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தார். இரண்டு பக்கமும் யார்டு, பெட்டிகள், இறக்குகிற இயந்திரத்தின் சத்தம். "யார்டுக்காரன் நேத்தும் போன் போட்டாம்மா" என்றார். அண்ணி பறித்துக்கொண்டே இருந்தாள். செடி விளைந்துவிட்டது உண்மைதான், ஆனால் கேட்கிறவன் கேட்டுக்கொண்டேதான் இருப்பான், அவரும் வியாபாரிதானே.

அண்ணாச்சி கூடைக்குக் குனிந்து ஒரு வெண்டைக்காயை எடுத்தார். யோசனையில் இருந்த கை, நுனியை ஒடித்தது.

அண்ணி நிமிர்ந்தாள். "ஒடிச்சிட்டீங்களா அண்ணாச்சி?"

"பிஞ்சான்னு பாத்தேன்மா."

"பிஞ்சுதான். ஒடிச்சா வாங்கிக்கணும்."

"ஒரு காயா? சரி, வாங்கிக்கிடுதேன்."

"காய் இல்ல. அடுத்த போகத்துக் குத்தகைய எங்கிட்ட வாங்கிக்கணும்."

அவர் அவளைப் பார்த்தார். கையிலிருந்த ஒடிந்த காயைப் பார்த்தார். பிறகு அதை வாயில் போட்டு மென்றுகொண்டே, "வாங்கிக்கிடுதேம்மா" என்று சொல்லிவிட்டு, வந்த வரப்பிலேயே திரும்பி நடந்தார்.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அண்ணியைப் பார்த்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூடையை இடுப்பில் ஏற்றி அடுத்த சாலுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து கத்தினாள்:

"இன்னா பாத்துக்கினு நிக்கிற? கொசுவ ஏத்து. ஓரத்துல இன்னிக்கி எத்தினி சேப்பு கீதுன்னு பாக்கணும்."